பின்பக்கக் கிளை

டிசம்பர் 3, செவ்வாய்

முதல் உறைபனி. காலையில் கதவைத் திறந்தால் புல்லெல்லாம் உப்புத் தூவினாற்போல் வெள்ளை. டேலியா கருகிவிட்டது. ரோஜாக்கள் பிழைத்தன, நேற்றுச் சாயங்காலமே நானும் மகள் ஜெமியும் மிலார்ச் செடிக் கட்டுகளைக் கூடாரம் போல் அவற்றின் மேல் சாய்த்து வைத்திருந்தோம். ஊட்டியில் மிலாரை நம்பித்தான் ரோஜா வளர்க்க வேண்டும், மனிதர்களை நம்பி அல்ல.

இனி பிப்ரவரி கடைசி வரை என் ராஜ்யம் இந்தக் கண்ணாடி வராந்தாதான். ஜெரேனியம் பதினொன்று, பெகோனியா ஆறு, பிரிமுலா நான்கு, சைக்ளமன் இரண்டு, கிறிஸ்துமஸ் கள்ளி ஒன்று. ஆக இருபத்து நான்கு தொட்டி. பெண்கள் விடுதியில் இருபத்தெட்டு வருஷம் வார்டனாக இருந்து காலை ஆறரைக்குத் தலை எண்ணியவள் நான். பெண்கள் போய் இப்போது தொட்டிகள் ஆஜர் சொல்கின்றன.

எண்ணிக்கை சரி. ஆனால் சிவப்பு ஜெரேனியத்தில் ஒரு கிளை இல்லை.

டிசம்பர் 4, புதன்

கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். உடைந்து விழவில்லை, யாரோ வெட்டியிருக்கிறார்கள்.

டிசம்பர் 8, ஞாயிறு

இப்போது ரோஸ் ஜெரேனியத்திலும் ஒன்று. பின்பக்கம், சுவரைப் பார்த்த கிளை. முன்னால் நின்று பார்த்தால் தெரியவே தெரியாது. நான் வாரத்துக்கு ஒரு முறை தொட்டியைக் கால் சுற்றுத் திருப்பி வைப்பேன், வெயில் எல்லாப் பக்கமும் பட. அப்படித் திருப்பியபோதுதான் அகப்பட்டது.

கோயிலில் ஆராதனை முடிந்து வரும்போது ஜெமியிடம் சொன்னேன்.

"பூனையா இருக்கும்மா."

"பூனை பிளேடு வெச்சிருக்குமா?"

"ஒரு கிளைதானம்மா, விடுங்க" என்றாள். முப்பத்தாறு வயதாகிறது, ஆஸ்பத்திரி லேபில் உட்கார்ந்து மற்றவர்கள் ரத்தத்தில் இருப்பதையெல்லாம் கண்டுபிடிக்கிறாள், வீட்டுக்குள் ஒரு திருட்டு நடந்தால் பூனை என்கிறாள். அவள் அப்பா மாதிரி. அவரும் போகும் வரை ஊரில் எல்லாரும் நல்லவர்கள் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

டிசம்பர் 12, வியாழன்

கீழ்வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கிற கமலவேணி மேலே வந்தாள். திருப்பூர்க்காரி, புருஷன் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் இருபது நாள் ஊரில் இல்லை. ஒரு துளசிகூட வளர்க்காதவளுக்கு என் வராந்தாவில் என்ன வேலை?

"ஏனுங்க்கா, இத்தன பூவையும் நீங்களேவா பாத்துக்கறீங்க? ஒரு கண்டு குடுத்தா நானும் வெப்பேன். ஆனா குடுத்தா வராதாமா. சொல்லாம திருடிட்டுப் போயி வெச்சாத்தான் தழையுமாமா."

சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள். விடுதியில் ஒரு பெண் இருந்தாள், மாவடு ஜாடியைக் காலி செய்துவிட்டு "ஊறுகா திருடன் யாரு மேடம்?" என்று முதலில் என்னிடமே வந்து கேட்டாள். அதே சிரிப்பு.

டிசம்பர் 16, திங்கள்

வராந்தாவில் ஒரு சட்டத்துக் கண்ணாடி விரிசல். ஜெமி ஆள் வரச்சொன்னாள். அமலன் என்று பெயர், கேத்தியிலிருந்து வருகிறான், நாற்பது வயதிருக்கும், குறைவாகப் பேசுகிறான். அளவு எடுத்துக்கொண்டு போனான்.

டிசம்பர் 19, வியாழன்

அமலன் வந்தான், அளவு தப்பு என்றான், மறுபடி அளந்தான். ஒன்றரை அடிக்கு ஒரு அடி சதுரத்தை எத்தனை தடவை அளப்பது? ஜெமிக்கு இன்று லீவு. தேநீர் கொடுத்தாள். இஞ்சி தட்டிப் போட்டு.

டிசம்பர் 25, புதன்

ஆராதனை முடிந்து வந்து பார்த்தேன், கள்ளி முழுக்க மலர்ந்துவிட்டது. நாற்பத்தொரு பூ. தொட்டியிலிருந்து தரை வரை தொங்கும் பச்சைக் கணுக்கள், நுனிக்கு நுனி செந்நீலச் சிவப்பு. வெளியே எல்லாம் செத்துக் கிடக்கும்போது இது ஒன்று மட்டும் கல்யாண வீடு மாதிரி.

இதன் கதையை எழுதிவிடுகிறேன், எப்படியும் இந்த நோட்டை யாரும் படிக்கப்போவதில்லை. எனக்கு இருபத்தேழு வயது, கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பிரின்சிபாலம்மாள் பங்களாவில் இந்தக் கள்ளி தொங்கியது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். ஆனால் திருடி வைத்தால்தான் தழையும் என்று எனக்கும் சொல்லியிருந்தார்கள். அவர் உள்ளே போன நேரம் பின்பக்கத்தில் மூன்று கணுவைக் கிள்ளிக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டேன். கிறிஸ்தவப் பெண் இதையெல்லாம் நம்பக்கூடாதுதான். ஆனாலும் தழைத்தது. என் சர்வீஸில் நான் செய்த ஒரே திருட்டு இதுதான். ஜெமி சின்னப் பிள்ளையாக இருந்தபோது இந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லச்சொல்லிக் கேட்பாள்.

இதைத் திருடன் தொடவில்லை. தினம் பூ எண்ணுகிறேன் என்று தெரிந்த திருடன்.

டிசம்பர் 30, திங்கள்

பெகோனியாவில் ஒன்று. வெள்ளை ஜெரேனியத்தில் ஒன்று.

இன்னொன்றும் கவனித்தேன். வெட்டு கணுவுக்குக் கீழே, சாய்வாக, ஒரே இழுப்பில். வெட்டின இடத்தில் மஞ்சள் தூள் தொட்டு வைத்திருக்கிறது, செடி அழுகாமல் இருக்க. இது என் கைமுறை. ஊட்டியில் வேறு யாரும் இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

ஆக, நான் வேலை செய்யும்போது கமலவேணி மறைந்து நின்று பார்த்திருக்கிறாள்.

ஜனவரி 1, புதன்

புது வருஷம். கோயிலில் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் எனக்கு வந்த வசனம்: "பயப்படாதே." எனக்கு என்ன பயம்?

ஜனவரி 9, வியாழன்

வசந்தத்துக்கான படம் போட உட்கார்ந்தேன். விடுதியின் பழைய வருகைப் பதிவேட்டுத் தாள்களின் முதுகில்தான் எப்போதும் வரைவது. கீழ்த்தட்டில் அரை வட்டப் பாத்தி: ஓரம் முழுக்கப் பான்சி, அதற்குப் பின் ஸ்டாக், நடுவில் சால்வியா, வேலியோரம் ஸ்வீட் பீ. இந்த மாதக் கடைசியில் விதையைத் தட்டில் போட்டு வராந்தாவில் முளைக்க வைத்தால் மார்ச்சில் வெளியே நடலாம், மே மாதம் வீட்டுத் தோட்டப் போட்டிக்கு நடுவர்கள் வரும்போது பூத்து நிற்கும். நான்கு வருஷமாக இரண்டாம் பரிசு. இந்த வருஷம் விடுவதாக இல்லை.

ஜெமி எட்டிப் பார்த்தாள். "இவ்வளவு பெருசாவா? பாதி போடுங்கம்மா. யார் தண்ணி ஊத்துறது?"

"எப்பவும் போல நீதான்."

பாத்தியின் விளிம்பை விரலால் அளந்து பார்த்தாள். பிறகு, "மேல குழாயிலேர்ந்து ஒரு ஹோஸ் போட்டுக் குடுத்திடுறேன், நீங்க குனிய வேணாம்" என்றாள்.

எதற்கு இந்தத் திடீர் அக்கறை? போன வாரம் வெந்நீர் கெய்சரை மாற்றினாள். தொலைபேசிக்குப் பக்கத்தில் டாக்டர், ஆட்டோ, கேஸ் நம்பர்களைப் பெரிய எழுத்தில் ஒட்டிவைத்தாள். கேட்டால், "இருக்கட்டுமேம்மா." வீட்டை விற்கப் பார்க்கிறாளோ என்றுகூடத் தோன்றிவிட்டது.

ஜனவரி 14, செவ்வாய்

கமலவேணி சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தாள். நன்றாக இருந்தது. அது வேறு விஷயம்.

ஜனவரி 18, சனி

அமலன் மூன்றாவது முறை. கண்ணாடி போட்டு ஓரம் அடைக்க மக்கு பூசினான். வேலை சுத்தம்தான். ஆனால் போகிறபோது, "வார்டனம்மா, அடுத்த சட்டமும் ஆடுது, இன்னொரு நாள் வந்து பாக்கறேன்" என்கிறான். நானும் ஆட்டிப் பார்த்தேன், ஆடவில்லை. பிழைக்கத் தெரிந்தவன்.

அவன் படியிறங்கும்போது கீழே கமலவேணியும் ஜெமியும் தலையோடு தலை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கமலவேணி மிலார்க் கட்டைப் பிடித்துக்கொண்டு, "இத எப்பிடி மூடறதுன்னு கேட்டுட்டிருந்தனுங்க்கா" என்கிறாள். ரோஜாவே இல்லாதவளுக்கு மூடுவது எதற்கு?

மூன்று பேரும் ஒரு கூட்டு. ஜெமி அப்பாவி, அவளை வைத்து வீட்டுக்குள் நுழைகிறார்கள்.

ஜனவரி 26, ஞாயிறு

விதை போட்டாயிற்று. பான்சி இரண்டு தட்டு, ஸ்டாக் ஒன்று, சால்வியா ஒன்று.

கோயிலில் போதகரம்மா, "ஜெமிமாவுக்கு ஒண்ணும் பாக்கலையா?" என்று வழக்கம்போல் ஆரம்பித்தார். பார்க்காமல் என்ன? மூன்று வரன் வந்தது. முதல் பையன் வேலை செய்த இடத்துக்குக் கடிதம் எழுதி விசாரித்தேன். முன்கோபி என்று பதில் வந்தது. இரண்டாமவனின் பழைய விடுதிக் காப்பாளரையே பிடித்தேன். ஒரு முறை சுவரேறிக் குதித்திருக்கிறான். மூன்றாமவன் நாகர்கோவில், ஏழு வருஷம் ஆகிறது. எல்லாம் சரியாக இருந்தது, வயதை மட்டும் ஒன்றரை வருஷம் குறைத்துச் சொல்லியிருந்தான். வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அவள் நன்மைக்குத்தான். அன்று ஜெமி வராந்தாவுக்குப் போய்த் தண்ணீர் ஊற்றினாள். ஏற்கெனவே நான் ஊற்றியிருந்தேன். தொட்டிகள் வழிந்து தரையெல்லாம் ஈரம்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 1, சனி

பிரிமுலாவில்கூட ஒரு பக்கக் கன்று பிரித்து எடுக்கப்பட்டிருக்கிறது. போன வாரம் இன்னொரு ஜெரேனியத்தில் போனதையும் சேர்த்து ஆறாவது.

பிப்ரவரி 6, வியாழன்

விடுதி வித்தையைக் கையாண்டேன். வராந்தாத் தரையில் முகப்பவுடரை மெல்லியதாகத் தூவிவிட்டு மார்க்கெட்டுக்குப் போனேன். ஜெமி லீவில் தூங்கிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தால் அழகாகத் தடம். நம்ம வீட்டு ரப்பர்ச் செருப்பின் தடம், ஆறாம் நம்பர், இடது குதிகால் தேய்ந்தது. ஜெமியுடையது.

கமலவேணி எவ்வளவு கெட்டிக்காரி! ஜெமியின் செருப்பை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

பிப்ரவரி 8, சனி

இன்று கேட்டேவிட்டேன். கமலவேணி படியேறி வந்து, "கஞ்சி வெச்சேனுங்க்கா, சூடா இருக்குது" என்று தூக்குப் பாத்திரத்தை நீட்டினாள். வாங்காமல், "நீ எடுத்த ஆறு கிளையையும் கொண்டுவந்து வை, அப்புறம் கஞ்சி குடிக்கிறேன்" என்றேன்.

அவள் முகம் செத்துப்போனது. "நானுங்களா? செடி திருடவா நா தெனம் மேல வாரேன்? உங்க புள்ளைதான் எங்கிட்ட..."

நிறுத்திவிட்டாள். உள்ளே ஜெமி நின்றிருந்தாள், கையில் பல் விளக்கும் பிரஷ், முகம் சுண்ணாம்பு.

"ஜெமி என்ன சொன்னா?"

"அத அவங்ககிட்டயே கேளுங்க்கா" என்று பாத்திரத்தைப் படியிலேயே வைத்துவிட்டு அழுதுகொண்டே இறங்கினாள்.

ஜெமியைப் பார்த்தேன். "அம்மா, அவங்க எடுக்கல" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். "அப்ப யாரு, அந்தக் கண்ணாடிக்காரனா?" என்றேன். அவள் காதுமடல் சிவந்ததை நான் பார்த்தேன். பார்த்ததை எழுதிவைக்கிறேன், அதற்கு மேல் எதுவும் எழுதவில்லை.

கஞ்சியைப் பூனை குடித்தது. பூனை ஒன்று நிஜமாகவே இருக்கிறது.

பிப்ரவரி 13, வியாழன்

கேத்திக்குப் போய்வந்தேன்.

ரசீதில் விலாசம் இருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பது என்று திட்டம். விடுதியில் அறைச் சோதனை அப்படித்தான். ரயில் நிலையத்துக்கு மேலே வரிசை வீடு, கடைசி வீடு. கதவு பூட்டியிருந்தது. ஆனால் தெருவைப் பார்த்து ஒரு பெரிய ஜன்னல், புதிதாகப் போட்டது, மக்கு இன்னும் காயவில்லை. பத்து மணி வெயில் முழுக்க அதன் மேல்.

ஜன்னலுக்குள் பலகை. பலகையில் என் செடிகள்.

பால் டப்பாவிலும் உடைந்த கோப்பையிலும் வைத்திருந்தது. எல்லாம் வேர் பிடித்துப் புது இலை விட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு ஐஸ் குச்சி, குச்சியில் ஜெமியின் உருட்டு எழுத்து: அம்மா சிவப்பு. அம்மா ரோஸ். அம்மா வெள்ளை. அம்மா பெகோனியா. ஐந்தும் ஆறும் தள்ளியிருந்தன, படிக்க முடியவில்லை.

கடைசியில் ஒரு நல்ல மண் தொட்டி. புதிது. மண்ணும் மணலும் கலந்து, நனைத்து, தயாராக வைத்திருந்தது. அதில் செடி இல்லை. குச்சி மட்டும் நின்றது. "அம்மா கள்ளி."

பக்கத்து வீட்டு அம்மாள் துணி உலர்த்த வந்தாள். "அமலனைத் தேடறீங்களா? வேலைக்குப் போயிருக்கு. ஈஸ்டர் முடிஞ்சு கல்யாணம் வெச்சிருக்குல்ல, அதான் வீட்டையே பொரட்டிப் போட்டுட்டு இருக்கு. பொண்ணு தங்கமான பொண்ணு. அவங்கம்மாகிட்டச் சொல்லத்தான் ரெண்டு பேருக்கும் பயமாம், பாவம். நீங்க யாருங்க?"

"செடி பாக்க வந்தேன்" என்றேன்.

ரயில் வர ஒரு மணி நேரம் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முதலில் கோபம்தான் வந்தது. என் மகள், என் வீட்டில், என் பிளேடால். அதிலும் கதவில் மாதா படம், ஆர்.சி. பையன்! பிறகு அந்தக் காலித் தொட்டி நினைவுக்கு வந்தது. ஆறு செடியில் கைவைத்தவள் கள்ளிக்கு மட்டும் இரண்டரை மாதமாகப் பயந்து நிற்கிறாள். இருநூறு பெண்களின் திருட்டைக் கண்டுபிடித்தவள் என்று பெருமையடித்துக்கொண்டேனே, ஒரு பெண்ணை இப்படித் திருட வைத்தவளும் நானேதான். வெட்கமாக இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

காலையில் தாள் எடுத்துக் கேத்திப் பங்குக் குருவானவருக்கு ஒரு கடிதம் ஆரம்பித்தேன். "மரியாதைக்குரிய சுவாமி, தங்கள் சபையைச் சேர்ந்த அமலன் என்பவரின் நடத்தை குறித்து..." அதுவரை எழுதிக் கை நின்றது.

முன்கோபி, சுவரேறிக் குதித்தவன், ஒன்றரை வருஷம். இவனிடமும் ஏதாவது கிடைக்கும். தேடினால் யாரிடமும் கிடைக்கும். கிடைக்க வேண்டும் என்றுதான் தேடியிருக்கிறேன். அவள் போய்விட்டால் இந்த வீட்டில் ஆஜர் சொல்ல இருபத்து நான்கு தொட்டிதான் மிஞ்சும் என்று பயம். அதையும் இந்த நோட்டில் எழுதிவிட்டேன்.

தாளைத் திருப்பி முதுகில் பாத்தியை வரைந்தேன். பாதி அளவில்.

பிப்ரவரி 17, திங்கள்

கமலவேணி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். எனக்கு அது பழக்கமில்லை, வாய் கோணிக்கொண்டது. "ஜெமி உன்கிட்ட என்ன சொல்லிச்சு, இப்பச் சொல்லு."

"தெனம் ஒருக்கா மேல போயி அம்மாவப் பாத்துட்டு வாங்கக்கான்னுச்சு. கேட்டா கோவிச்சுக்குவாங்க, பூப் பாக்கற மாதிரிப் போங்கன்னுச்சு. பனிக்குச் செடி மூடவும் பழக்கி உட்டுதுங்க்கா."

"சரி. இனிமே பூப் பாக்கற மாதிரி வராதே. காப்பி குடிக்க வா" என்றேன். ஜெமியிடம் எதுவும் சொல்லாதே என்றும் சொன்னேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

கள்ளியில் பூ முடிந்தது. பூ முடிந்த பிறகுதான் கணு எடுக்க வேண்டும். இது அவளுக்கும் தெரியும், நான் சொல்லிக்கொடுத்ததுதான்.

கூப்பிட்டு உட்காரவைத்து, "எடுத்துக்கோ" என்று கொடுத்துவிடலாம். நாலைந்து முறை வாய் வரை வந்தது. ஆனால் கொடுத்தால் வராது. மூடநம்பிக்கைதான். இந்த ஒரு விஷயத்தில் நான் பரிசோதனை செய்வதாக இல்லை.

பிப்ரவரி 22, சனி

ஜெமிக்கு லீவு. மூன்று மணிக்குப் பெண்கள் சங்கக் கூட்டம். கிளம்பும் முன் கள்ளித் தொட்டியைத் திருப்பி, பின்பக்கம் வெளியே தெரியும்படி வைத்தேன். புது பிளேடு ஒன்றைப் பலகையில் மறந்தேன். மஞ்சள் தூள் டப்பாவை மூடி இல்லாமல் மறந்தேன்.

"ஜெமி, கூட்டம் முடிய அஞ்சரை ஆகும். கதவைத் தட்டிட்டுத்தான் வருவேன்."

"உங்க வீட்டுக்கு நீங்க தட்டணுமாம்மா?"

"தட்டுவேன்" என்றேன்.

கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆறு மணிக்கு வந்து மூன்று முறை தட்டினேன். கள்ளியில் பின்பக்கம் மூன்று கணு இல்லை. சாய்வான வெட்டு, மேலே மஞ்சள். பூரணமான வேலை, நானே செய்திருந்தாலும் இவ்வளவு சுத்தமாக வந்திருக்காது.

தேநீர் கொண்டுவந்தாள். விரல் நுனி மஞ்சள். நான் பார்த்ததை அவள் பார்த்தாள்.

"அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"இஞ்சி தட்டிப் போட்டியா?"

"போட்டிருக்கேன்."

"அப்ப உக்காந்து சொல்லு."

சொன்னாள். முழுவதும் கேட்டேன். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வயது மட்டும் கேட்டேன். நாற்பத்தொன்று என்றாள். நம்பினேன்.

மார்ச் 9, ஞாயிறு

பான்சி நாற்று வெளியே போயாயிற்று. பாத்தியில் பாதிதான் பூ. மீதிப் பாதியில் கமலவேணி கொத்தமல்லி போட்டிருக்கிறாள். நடுவர்கள் பார்த்துச் சிரிக்கட்டும். அமலன் ஆடாத சட்டத்தை மறுபடி பார்க்க வந்தான், ஆட்டிப் பார்த்துவிட்டு அவனே சிரித்துவிட்டான்.

ஏப்ரல் 28, திங்கள்

கல்யாணம் நடந்தது. மழை பெய்தது. வீட்டுக்கு வந்து தொட்டிகளை எண்ணினேன். இருபத்து நான்கு. சரியாகத்தான் இருந்தது. நிரம்ப நேரம் அங்கேயே நின்றேன்.

மே 11, ஞாயிறு

இந்த வருஷமும் இரண்டாம் பரிசுதான். கொத்தமல்லி நன்றாக வந்திருப்பதாக ஒரு நடுவர் சொன்னாராம், கமலவேணிக்குத் தலைகால் புரியவில்லை.

ஆராதனை முடிந்து கேத்திக்குப் போனேன், முதல் முறையாகக் கதவு வழியாக. ஜன்னலில் எல்லாம் வரிசையாக இருந்தன. கள்ளி வேர் பிடித்து ஒவ்வொரு கணுவும் இன்னொன்று விட்டிருக்கிறது. அதற்குப் பக்கத்தில் என்னிடம் இல்லாத ஒரு ஃபூக்சியா, வெள்ளைப் பாவாடையும் சிவப்புச் சட்டையுமாகக் கொத்துக்கொத்தாகத் தொங்கியது. அமலன் அம்மா வைத்ததாம்.

"கேட்டா அவரே குடுப்பாரும்மா" என்றாள் ஜெமி.

"எனக்கெதுக்கு? இருக்கிறதுக்கே இடமில்ல" என்றேன்.

அமலன் கடைக்குப் போனான். ஜெமி, "பால் வெச்சுட்டு வரேன்" என்று அடுக்களைக்குள் போனாள். போகிறபோது ஜன்னல் பலகையைத் துடைத்துவிட்டுப் போனாள். துடைத்த இடத்தில் ஒரு பிளேடு இருந்தது. டப்பா மூடியில் கொஞ்சம் மஞ்சள் தூள் இருந்தது.

ஒரு பின்பக்கக் கிளையை நனைத்த கைக்குட்டையில் சுற்றிக் கைப்பையில் வைத்து, பையை மூடி, உட்கார்ந்து, புடவையையும் சரி செய்துகொண்டேன். அதற்குப் பிறகுதான் அவள் வந்தாள். அரை லிட்டர் பால் பொங்க அவ்வளவு நேரம் ஆகாது.